வயிற்று அமிலத்தை அளக்கப் போகிறவருக்கும் துணைக்குப் போகிறவருக்கும்

முதலில் ஒரு தேத்தண்ணிக் கதை. நான் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை செய்த காலம். மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒரு அம்மா, ஐம்பது வயதிருக்கும், வயிற்று அமிலம் அளக்க வந்திருந்தார். விடியுமுன் எழுந்து, குளிருக்குத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, முதல் பஸ்ஸைப் பிடித்து வந்தவர்.

"ஏதாவது சாப்பிட்டீங்களாம்மா?" என்று நர்ஸ் மிஸி கேட்டார்.

"இல்ல மிஸி, ராத்திரி ரொட்டியோட சரி. காலையில ஒண்ணுமே சாப்பிடல."

மூக்கு வழியாக டியூபை இறக்கி, ஊசிக்குழலால் மெதுவாக இழுத்தால் தெளிந்த நீர் வரவேண்டும். வந்ததோ நல்ல செம்பழுப்பு. மிஸி என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன்.

"எந்திரிச்சதும் ஒரு கோப்பை சாயத்தண்ணி குடிச்சேன். அது சாப்பாடா மிஸி?"

அவர் பொய் சொல்லவில்லை. மலையில் தேத்தண்ணி சாப்பாட்டுக் கணக்கில் வராது. அது எழுந்ததும் முகம் கழுவுவது மாதிரி. கேள்வியைக் கேட்ட எங்கள் பக்கம்தான் பிழை. அன்றைக்குச் சோதனை நடக்கவில்லை. ஒரு நாள் பேரும் (அன்றைய கூலியும்) பஸ் காசும் போனதுதான் மிச்சம்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், இந்தச் சோதனையில் கருவி பிழைப்பது குறைவு. பிழை பெரும்பாலும் அதற்கு முந்திய ஒரு வாரத்தில், வீட்டில், யாருக்கும் தெரியாமல் நடந்து முடிந்துவிடுகிறது. ஆகவே இதைப் படிக்கவேண்டியவர் நோயாளி மட்டுமல்ல. அம்மாவையோ தாத்தாவையோ கூட்டிக்கொண்டு போகும் பிள்ளையும் படிக்கவேண்டும்.

எதற்காக அளக்கிறார்கள்

எங்கள் பக்கம் நெஞ்செரிவு, புளித்த ஏப்பம், வயிறு உப்புதல், பசி வலி எல்லாவற்றுக்கும் "கெஸ்ட்ரிக்" என்று ஒரே பெயர்தான். அதில் பெரும்பாலானோருக்கு அமிலத்தை அளக்கவேண்டிய தேவையே இல்லை. மருந்து கொடுத்துப் பார்ப்பார்கள், ஹெலிகோபக்டர் பைலோரி என்ற கிருமி இருக்கிறதா என்று பார்ப்பார்கள், தேவைப்பட்டால் கமரா விட்டுப் பார்ப்பார்கள். அதோடு முடிந்துவிடும். அமிலத்தை அளக்கச் சொல்கிறார்கள் என்றால் டொக்டருக்கு ஒரு குறிப்பிட்ட கேள்வி இருக்கிறது என்று அர்த்தம். அந்தக் கேள்வி என்ன என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கேட்பதில் ஒரு குறையும் இல்லை.

கேள்வி பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும். அமிலம் அளவுக்கு மீறிச் சுரக்கிறதா? புண் ஆறி ஆறித் திரும்ப வருகிறது, கூடவே வயிற்றோட்டமும் இருக்கிறது என்றால் இந்தச் சந்தேகம் வரும். வயிற்றை அமிலம் சுரக்கச் சொல்லும் கேஸ்ட்ரின் என்ற ஹோர்மோனை அளவுகடந்து சுரக்கும் ஒரு கட்டி இருந்தால் இப்படி ஆகும். 1955-ல் ஸொலிங்கர், எலிசன் என்ற இரண்டு சத்திரசிகிச்சை நிபுணர்கள் இதை விவரித்ததால் அவர்கள் பெயராலேயே இன்றும் அழைக்கிறார்கள். அபூர்வமான நோய்தான்.

இரண்டாவது கேள்வி இதற்கு நேர் எதிர். அமிலமே சுரக்கவில்லையா? வயிற்றின் உட்சுவர் தேய்ந்துபோய், விட்டமின் பீ12 உடலில் சேராமல் வரும் ஒருவகை இரத்தச்சோகையில் இப்படி இருக்கும். இங்கே ஒரு வேடிக்கை. அமிலம் இல்லாவிட்டால், "இன்னும் சுரக்கட்டும்" என்று உடம்பு கேஸ்ட்ரினை ஏற்றிக்கொண்டே போகும். ஆக இரத்தத்தில் கேஸ்ட்ரின் கூடியிருக்கிறது என்ற ஒரு ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு ஒன்றும் முடிவு சொல்ல முடியாது. கட்டியாலும் கூடும், அமிலம் வற்றியதாலும் கூடும், அமிலம் குறைக்கும் மாத்திரையாலும் கூடும். எது என்று பிரித்துச் சொல்வது வயிற்றில் உள்ள அமிலம்தான்.

மூன்றாவது, இன்றைக்கு அதிகம் நடப்பது: அமிலம் வயிற்றிலிருந்து மேலே உணவுக்குழாய்க்கு ஏறுகிறதா, எவ்வளவு நேரம் ஏறி நிற்கிறது? மருந்துக்கு அடங்காத நெஞ்செரிவுக்கும், அதற்குச் சத்திரசிகிச்சை செய்யலாமா என்று யோசிக்கும்போதும் இதைப் பார்ப்பார்கள்.

முதல் இரண்டு கேள்விகளுக்கும் வயிற்று நீரை வெளியே எடுத்து அளப்பார்கள். மூன்றாவதுக்கு மெல்லிய கம்பி ஒன்றை உள்ளே விட்டு 24 மணி நேரம் பதிவு செய்வார்கள். உங்களுக்கு எது என்று கிளினிக் கொப்பியில் எழுதியிருக்கும். புரியாவிட்டால், "இதைத் தமிழில் ஒருமுறை சொல்லுங்கள்" என்று கேட்டு, கொப்பியின் பின்பக்கத்தில் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். இந்த வசதி எல்லா ஆஸ்பத்திரியிலும் இருக்காது என்பதால் எங்கே, எந்த நாள், கருவி வேலை செய்கிறதா என்பதையும் கிளம்புமுன் உறுதிப்படுத்துங்கள்.

ஒரு எச்சரிக்கை. விழுங்கச் சிரமம், இரத்த வாந்தி, தார் மாதிரிக் கறுத்த மலம், காரணமில்லாமல் மெலிதல் இருந்தால் இந்தச் சோதனைக்கு நாள் பார்த்துக்கொண்டு இருக்கக்கூடாது. உடனே டொக்டரிடம் சொல்லவேண்டும். (இரும்புச்சத்து மாத்திரை குடித்தாலும் மலம் கறுக்கும். மலையில் பல பெண்கள் அதைக் குடிக்கிறார்கள். அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.) வியர்த்து, மூச்சுத் திணறி, கைக்கோ தாடைக்கோ பரவும் நெஞ்சு வலியைக் "கேஸ்" என்று சொல்லி வீட்டில் வைத்திருக்கவே வேண்டாம்.

ஒரு வாரத்துக்கு முன்பு

வீட்டில் இருக்கும் மருந்தை எல்லாம் ஒரு பையில் போடுங்கள். தோட்டத்து டிஸ்பென்சரியில் தந்தது, டவுன் பாமசியில் வாங்கியது, பக்கத்து லயத்து அக்கா கொடுத்தது, எல்லாமே. "அந்த ரெண்டு கலர் கெப்சூல்" என்று சொன்னால் யாருக்கும் விளங்காது, ஒரே மருந்து கம்பனிக்குக் கம்பனி வேறு நிறத்தில் வரும். உறையைக் காட்டவேண்டும்.

பெயரின் வாலைப் பார்த்தே ஓரளவு கண்டுபிடிக்கலாம். "பிரசோல்" என்று முடிவது, அதாவது ஒமெப்ரசோல், பன்டொப்ரசோல், ஈசொமெப்ரசோல், ரபெப்ரசோல் எல்லாம் அமிலம் சுரக்கும் பம்பையே அடைப்பவை. சாதாரணமாக 7 நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். உடம்பில் அந்த மருந்து சில மணி நேரந்தான் இருக்கும். ஆனால் அடைபட்ட பம்புகளுக்குப் பதில் புதிது உருவாக நாட்கள் எடுக்கும். முந்தின நாள் மட்டும் நிறுத்தினால் போதாது என்பது இதனால்தான். ஃபமோடிடின் மாதிரி "டிடின்" என்று முடிவதை இரண்டு மூன்று நாள் முன்பு நிறுத்துவார்கள். டைஜீன், ஈனோ மாதிரி அமிலத்தை நேரடியாக முறிப்பவற்றைக் கடைசி ஒரு நாள் தொடக்கூடாது.

பிரசோலை நீங்களாக நிறுத்தாதீர்கள். அமிலம் அளவுக்கு மீறிச் சுரக்கும் நோய் என்று சந்தேகப்படுபவர் திடீரென்று நிறுத்தினால் புண் வெடித்து இரத்தம் போகலாம். அவர்களுக்கு எப்படிக் குறைப்பது, இடையில் என்ன கொடுப்பது என்பதை டொக்டர்தான் சொல்லவேண்டும். சிலருக்கு மருந்தோடேயே சோதனை செய்வதும் உண்டு. பிரஷர், இதயம், நீரிழிவு மாத்திரைகள் பற்றியும் தனியாகக் கேளுங்கள். இரத்தம் உறையாமல் இருக்கக் குடிக்கும் மாத்திரை இருந்தால் கட்டாயம் சொல்லவேண்டும், மூக்கு வழியாக டியூப் போகப்போகிறது.

இனி யாரும் எழுதித் தராத ஒன்று. ஹட்டன் பக்கமிருந்து கினிகத்தேனை வளைவுகளில் இறங்கிக் கண்டிக்குப் போகிறவர்களில் பாதிப்பேர் பஸ்ஸில் வாந்தி வராமலிருக்க ஒரு மாத்திரை போட்டுக்கொள்வார்கள். அந்த வகை மாத்திரைகள் பலவும் வாயை உலர்த்துவது போலவே வயிற்றுச் சுரப்பையும் குறைக்கும். மாத்திரை போடாமல் போய், வெறும் வயிற்றில் பச்சையாகப் பித்த வாந்தி எடுத்தாலும் தொல்லைதான். பித்தநீர் கலந்தால் அமிலம் முறிந்துவிடும், அளவு குறைத்துக் காட்டும். முடிந்தால் முந்தின நாளே போய்ச் சொந்தக்காரர் வீட்டில் தங்குங்கள். முடியாதவர்கள் ரயிலைப் பார்க்கலாம்.

முந்தின இரவும் அன்று காலையும்

நீரை எடுத்து அளக்கும் சோதனைக்கு 10 முதல் 12 மணி நேரம் வெறும் வயிறு. வெறும் வயிறு என்றால் பிளேன்டீ இல்லை, பால் தேத்தண்ணி இல்லை, கஞ்சித் தண்ணி இல்லை, வாயில் ஒரு மிட்டாய்கூட இல்லை. வெற்றிலையும் இல்லை, பீடி சிகரட்டும் இல்லை. மெல்லும்போதே, "சாப்பாடு வருது" என்று மூளை வயிற்றுக்குச் சொல்லிவிடும், அது சுரக்கத் தொடங்கிவிடும். இந்த வழியை நாய்களில் காட்டிய பாவ்லோவுக்கு 1904-ல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆகவே துணைக்குப் போகிறவருக்கு ஒரு வேண்டுகோள். உங்களுக்குப் பசிக்கும், தெரியும். கென்டீனில் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். சுடச்சுட வடையைத் தாளில் சுற்றிக்கொண்டு வந்து நோயாளியின் பக்கத்தில் பிரிக்காதீர்கள். அந்த வாசனையே கணக்கைக் கெடுக்கும்.

இதில் ஒரு பழைய கதை. 1885-ல் ஜேர்மனியில் எவால்ட், போவாஸ் என்ற இருவர் அமிலம் பார்க்க ஒரு "சோதனைக் காலையுணவு" வகுத்தார்கள். பாலும் சீனியும் இல்லாத தேத்தண்ணி அல்லது தண்ணீர், கூட வெறும் பாண். ஒரு மணி நேரத்தில் அதை டியூபால் வெளியே எடுத்துப் பார்ப்பார்கள். தோட்டத்து அம்மா அந்தக் காலத்தில் வந்திருந்தால் பாதிச் சோதனையை வீட்டிலேயே முடித்துக்கொண்டு வந்தவராகியிருப்பார்!

டியூப் போடும்போது

மூக்கில் விறைக்கும் ஜெல் பூசுவார்கள். டியூபை மூக்கு நுனியிலிருந்து காது மடலுக்கும், அங்கிருந்து நெஞ்செலும்பின் கீழ் நுனிக்கும் பிடித்து நீளம் பார்ப்பார்கள். ரைல்ஸ் டியூப் என்று வார்டில் சொல்வது 1921-ல் அதை விவரித்த ஆங்கில மருத்துவர் ஜோன் ரைலின் பெயரால் வந்தது.

கஷ்டமான கட்டம் தொண்டையைத் தாண்டும் அந்தப் பத்து இருபது விநாடி. குமட்டும், கண்ணில் நீர் வரும். அப்போது தலையைப் பின்னால் சாய்க்கத்தான் எல்லோருக்கும் தோன்றும்; அது தவறு. நாடியை (மோவாயை) நெஞ்சோடு சேர்த்து, மிஸி சொல்லும்போது விழுங்கவேண்டும். விழுங்குகிற ஒவ்வொரு தடவையும் டியூப் தானாக இறங்கும். இருமல் நிற்காமல் வந்தாலோ, பேச முடியாமல் போனாலோ கையைத் தூக்குங்கள். மூச்சுக்குழாய்ப் பக்கம் போயிருக்கலாம், எடுத்துவிட்டுத் திரும்பப் போடுவார்கள். துணைக்கு வந்தவர் உள்ளே நிற்க விட்டால் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாலே போதும். "பயப்படாதீங்க" என்று நூறு தடவை சொல்லத் தேவையில்லை.

டியூபின் நுனி வயிற்றின் தாழ்ந்த பகுதியில் இருக்கவேண்டும். எக்ஸ்ரேயில் பார்ப்பார்கள், அல்லது கொஞ்சம் தண்ணீர் விட்டு அது கிட்டத்தட்ட முழுதாகத் திரும்பி வருகிறதா என்று பார்ப்பார்கள். பிறகு இடது பக்கமாகச் சாய்ந்து படுக்கவேண்டும். அதுவரை வயிற்றில் இருந்ததை எடுத்து வேறாக வைத்துவிடுவார்கள்.

இனிப் பொறுமைதான். 15 நிமிடத்துக்கு ஒன்றாக நாலு போத்தல், ஒரு மணி நேரம். இது வயிறு சும்மா இருக்கும்போது சுரப்பது. அப்புறம் கேஸ்ட்ரினைப் போன்ற பென்டகேஸ்ட்ரின் என்ற ஊசி, கிலோவுக்கு 6 மைக்ரோகிராம் கணக்கில். 50 கிலோ எடையுள்ளவருக்கு 300 மைக்ரோகிராம். முகம் சூடாகச் சிவக்கலாம், கொஞ்சம் குமட்டலாம், சில நிமிடத்தில் அடங்கும். திரும்பவும் நாலு போத்தல். 1953-ல் கிளாஸ்கோவில் கே என்பவர் வகுத்த முறையில் இதற்கு ஹிஸ்டமின் கொடுத்தார்கள். அதன் தொல்லை அதிகம். பென்டகேஸ்ட்ரின் இப்போது எளிதில் கிடைக்காததால் பல இடங்களில் முதல் மணி நேரத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

இந்த நேரம் முழுக்க எச்சிலை விழுங்காமல் பாத்திரத்தில் துப்பவேண்டும். வாயூறும், மறந்து விழுங்கிவிடுவார்கள். துணைக்கு இருப்பவர் உண்மையில் உதவக்கூடிய இடம் இதுதான்: பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு ஞாபகப்படுத்துவது.

போத்தல்கள் என் மேசைக்கு வந்த பிறகு

ஏ.எல். படித்த பிள்ளைகளுக்கு இது புதிதல்ல, வெறும் நியமிப்புத்தான், அதாவது காரத்தை விட்டு அமிலத்தை அளப்பது. வயிற்று நீரில் 5 மில்லிலீற்றர் எடுத்து, 0.1 மோலர் சோடியம் ஐதரொட்சைட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு, பீ.எச். 7 ஆகும்வரை எவ்வளவு செலவானது என்று பார்ப்போம். (பீ.எச். என்பது புளிப்பைக் காட்டும் எண்; 7 நடுநிலை, அதற்குக் கீழே குறையக் குறைய அமிலம் கூடுதல்.) 2 மில்லிலீற்றர் செலவானால், அந்த நீரில் லீற்றருக்கு 40 மில்லிமோல் அமிலம் (மில்லிமோல் என்பது அமிலத்தின் அளவைச் சொல்லும் அலகு). போத்தலில் மொத்தம் 20 மில்லிலீற்றர் இருந்தால், அந்தக் கால் மணியில் சுரந்தது 0.8 மில்லிமோல்.

நாலு போத்தலும் 0.8, 0.7, 0.6, 0.7 என்றால் கூட்டி 2.8. இதுதான் அடிப்படைச் சுரப்பு, மணிக்கு. ஊசிக்குப் பிறகு 3.0, 5.5, 6.0, 4.5 என்று வந்தால் 19.0, இது உச்சச் சுரப்பு. அடுத்தடுத்து வந்த மிகப் பெரிய இரண்டை மட்டும் கூட்டி இரண்டால் பெருக்கி 23 என்று எழுதுவதும் உண்டு. ரிப்போர்ட்டில் இரண்டு பெரிய எண்ணைக் கண்டு குழம்பவேண்டாம்.

பலர் கேட்பது: பீ.எச். பார்த்தாலே போதாதா, எதற்கு இந்தக் கூட்டல் பெருக்கல்? ஒரு பிடி கொழுந்தை எடுத்து இளசா முற்றலா என்று பார்ப்பது பீ.எச். மாதிரி. சாக்கைத் தராசில் போட்டு எத்தனை கிலோ என்று பார்ப்பது சுரப்பின் அளவு. இரண்டு பேருடைய வயிற்று நீரும் ஒரே பீ.எச். காட்டலாம், ஒருவருக்கு மணிக்கு 30 மில்லிலீற்றர் சுரக்கும், மற்றவருக்கு 300.

அடிப்படைச் சுரப்பு பொதுவாக ஆண்களுக்கு மணிக்கு 10 மில்லிமோலுக்கு உள்ளேயும் பெண்களுக்கு அதைவிடக் குறைவாகவும் இருக்கும். வயிற்றில் சத்திரசிகிச்சை செய்யாத ஒருவருக்கு 15-ஐத் தாண்டினால் அந்தக் கட்டியைத் தேடத் தொடங்குவார்கள். அடிப்படையை உச்சத்தால் வகுத்து 0.6-க்கு மேல் வந்தாலும் அப்படித்தான். வயிறு ஊசி இல்லாமலேயே முழு வேகத்தில் ஓடுகிறது என்று பொருள். நம் கணக்கில் 2.8-ஐ 19-ஆல் வகுத்தால் 0.15 வரும், பயமில்லை. மறுபக்கம், ஊசி போட்டும் பீ.எச். 6-க்குக் கீழே இறங்கவில்லை என்றால் அமிலம் வற்றிவிட்டது. எல்லைகள் ஆய்வுகூடத்துக்கு ஆய்வுகூடம் கொஞ்சம் மாறும், அந்த ரிப்போர்ட்டில் அச்சிட்டிருப்பதையே பாருங்கள்.

24 மணி நேரப் பதிவு என்றால்

இதற்குக் கம்பி மிக மெல்லியது. பீ.எச். உணரும் பகுதி உணவுக்குழாயின் கீழ் வாயிலுக்கு 5 சென்றிமீற்றர் மேலே நிற்கும்படி வைத்து, கன்னத்தில் பிளாஸ்டர் ஒட்டி, இடுப்பிலோ தோளிலோ ஒரு சிறு பெட்டியை மாட்டி அனுப்புவார்கள். ஊர் தூரம் என்றால் வார்டில் வைத்துக்கொள்ளவும் கூடும். பெட்டி நனையக்கூடாது, ஆகவே அன்று குளியல் இல்லை. மலையில் மழையைக் கேட்கவேண்டாம். குடையோடு ஒரு பொலித்தீன் பையும் கொண்டுபோங்கள்.

பெட்டியில் பொத்தான்கள் இருக்கும். சாப்பிடத் தொடங்கும்போது, முடிக்கும்போது, படுக்கும்போது, எழும்பும்போது, நெஞ்சு எரியும்போது அமர்த்தவேண்டும். கூடவே ஒரு தாளில் நேரத்தை எழுதவேண்டும். எழுதத் தெரியாத பாட்டிக்குப் பேரப்பிள்ளை எழுதலாம். நேரத்தைக் கையிலிருக்கும் போனில் பார்க்காமல் பெட்டியின் கடிகாரத்தில் பார்த்து எழுதுங்கள். இரண்டுக்கும் ஐந்து நிமிடம் வித்தியாசம் இருந்தாலே எரிச்சல் வந்ததும் அமிலம் ஏறியதும் பொருந்தாமல் போகும்.

நான் கண்ட பெரிய பிழை, நோயாளிகள் அன்றைக்கு மட்டும் நல்ல பிள்ளையாகிவிடுவது. கட்டசம்பல் வேண்டாம், ரொட்டி வேண்டாம் என்று இரண்டு பிஸ்கட்டோடு நாளெல்லாம் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்கள். பதிவும் சுத்தமாக வரும். அடுத்த நாள் வீட்டுக்குப் போய், வழக்கம்போல் சாப்பிட்டு, குனிந்து அடுப்பை ஊதியதும் எரிச்சல் திரும்பிவிடும். எதைச் சாப்பிட்டால், எப்படிக் குனிந்தால் எரிகிறதோ, அதைத்தான் அன்று செய்யவேண்டும். கம்பி தொண்டையில் உறுத்தும், சாப்பிட மனம் வராது, உண்மைதான். ஆனாலும் மூன்று வேளையும் வழக்கமான சாப்பாட்டைச் சாப்பிடுங்கள். வேளைகளுக்கு நடுவில் புளிப்பான சோடா, தோடம்பழச் சாறு என்று உறிஞ்சிக்கொண்டிருப்பது மட்டும் கூடாது. அவற்றிலேயே அமிலம் இருப்பதால் கருவி ஏமாந்துவிடும்.

பீ.எச். 4-க்குக் கீழே இருந்த நேரத்தை மொத்த நேரத்தின் வீதமாகக் கணக்கிடுவார்கள். 4 வீதத்துக்குக் கீழே இருந்தால் இயல்பு, 6 வீதத்துக்கு மேலே போனால் அமிலம் ஏறுவது உறுதி. 24 மணி நேரத்தில் 6 வீதம் என்பது ஏறத்தாழ 86 நிமிடம். நடுவில் இருப்பவர்களுக்கு மற்ற விவரங்களையும் பார்த்து டொக்டர் முடிவு செய்வார்.

வெளியே வந்த பிறகு

கம்பியையோ டியூபையோ எடுத்ததும் தொண்டை விறைப்பு போகும்வரை எதையும் குடிக்கவேண்டாம், புரைக்கேறும். ஒரு நாள் தொண்டை நோவு இருக்கலாம். இரத்தம் வந்தாலோ, நெஞ்சு வலியோ காய்ச்சலோ வந்தாலோ திரும்பிப் போகவேண்டும்.

நிறுத்திய மாத்திரையை எப்போது திரும்பத் தொடங்குவது என்று வெளியே வருமுன் கேளுங்கள். இதைப் பலர் மறந்துவிட்டு அடுத்த கிளினிக் நாள்வரை எரிச்சலோடு இருப்பார்கள். கிருமிக்கான மூச்சுச் சோதனைக்கும் அடுத்ததாக நாள் தந்திருந்தால் அதையும் அப்போதே சொல்லுங்கள். அதற்கு பிரசோல் மாத்திரையை 2 வாரமும், அன்ரிபயோட்டிக்கை 4 வாரமும் நிறுத்தியிருக்கவேண்டும். ஒரே இடைவெளியில் இரண்டையும் முடிக்கலாமா என்று பார்த்துச் சொல்வார்கள்.

ரிப்போர்ட்டைப் போட்டோக்கொப்பி எடுத்து கிளினிக் கொப்பிக்குள் வைத்து, கொப்பியை உறையில் போடுங்கள். சரி, முக்கியமானது: ஃபிளாஸ்க்கில் தேத்தண்ணி கொண்டுபோங்கள். மூடியைத் திறப்பது மட்டும் எல்லாம் முடிந்த பிறகு.